விழாதவள் சொன்ன சாட்சி

கதவைத் தட்டமாட்டாள். முதலில் காதை வைப்பாள். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோய், உள்ளே ஆள் மாட்டிக்கொண்டு, வெளியே ஐந்தாறு பேர் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் படியேறி வருவாள். கருவிப் பையைத் தரையில் வைத்துவிட்டு, எஃகுக் கதவில் கன்னத்தைச் சாய்த்துச் சற்று நேரம் அப்படியே நிற்பாள். பிறகுதான் வாயைத் திறப்பாள்.

"உள்ள எத்தனை பேரு?"

"ஒருத்தன்தாங்க… சீக்கிரம்…"

"சரி, நான் வந்துட்டேன். என்ன கலர் சட்டை போட்டிருக்கீங்க?"

"பயப்படாதீங்க" என்று அவள் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. ஏன் என்று விசாரித்தேன். "அப்படிச் சொன்னாத்தான் சார் பயமே வரும். குனிஞ்சு தன் சட்டையைப் பாக்கிறவனுக்கு மூச்சு தானா சீராயிடும்" என்றாள். கோடு போட்ட சட்டை என்றால் கோடுகளை எண்ணச் சொல்வாள். நான் ஒருமுறை மாட்டிக்கொண்டபோது வெறும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். "அப்ப பட்டனை எண்ணுங்க" என்று குரல் வந்தது. மூன்றாவது பட்டனில் கதவு திறந்தது. என் இடுப்பளவு உயரத்தில் தெரிந்த மாடித் தரையிலிருந்து ஒரு பெண் குனிந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

காதை வைத்து என்ன கேட்கிறாள் என்பது எனக்கு வெகுநாள் புரியவில்லை. இயந்திரத்தின் சத்தத்தை என்று நினைத்திருந்தேன். "இல்ல சார். உள்ள இருக்கிறவங்கள்ல பாதிப் பேரு வேண்டிக்கிட்டிருப்பாங்க. எந்தச் சாமியோ, அது எனக்கெதுக்கு? அந்த நேரத்துல குறுக்க பேசினா நல்லா இருக்காது. முடிக்கட்டும்னு நிப்பேன்."

வயது இருபத்தாறு. எங்கள் ஏழு மாடிக் கட்டடத்தையும் சுற்றுவட்டாரத்தில் இன்னும் நாற்பது கட்டடங்களையும் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்தில் தொழில்நுட்பப் பணியாளர். நீலச் சீருடை, முன்பக்கம் கீறல் விழுந்த மஞ்சள் ஹெல்மெட், இடுப்பில் அளவுநாடா. எதைப் பார்த்தாலும் அளப்பாள். என் வீட்டுப் புத்தக அலமாரி ஒரு பக்கம் எட்டு மில்லிமீட்டர் சாய்ந்திருப்பதைக் காபி குடிக்க வந்த முதல் நாளே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள். கட்டடத்தில் அவளுக்கு லிஃப்ட் பொண்ணு என்று பெயர். கூட வேலை செய்கிறவன் மட்டும் "பாஸ்டரம்மா" என்பான்.

அந்தக் கூட்டாளியைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. லிஃப்ட் வேலையில் இரண்டு பேர் ஒரு ஜோடி. ஒருவர் மேலே இயந்திர அறையில், மற்றவர் கீழே குழியிலோ லிஃப்டின் தலைமேலோ. ஒருவர் உயிர் எப்போதும் மற்றவர் கையில். அவனுக்கு அவள் வயதுதான். ஒல்லி, உயரம், கழுத்து கொஞ்சம் முன்னால் வளைந்திருக்கும். அதனால் கொக்கி என்று பெயர். அவனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதைச் சொல்லிக் காட்டாமல் ஒரு நாளும் போகாது.

"உங்க ஆளு இன்னைக்கு மழைய நிறுத்துவாரா பாஸ்டரம்மா? மொட்டை மாடியில வேலை இருக்கு."

"கேட்டுப் பாக்கிறேன். உன் பேரைச் சொல்லாமக் கேட்டா ஒருவேளை நிறுத்துவாரு."

வேலையைத் தொடங்கும் முன் அவள் ஜெபம் செய்வாள், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே. சபையில்கூட அப்படித்தானாம். எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது இவள் மட்டும் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்பதை ஒரு மூத்த சகோதரி கண்டித்திருக்கிறார். "தொழில் பழக்கம் ஆன்ட்டி. லிஃப்ட் மேல நின்னுகிட்டு கண்ணை மூடினா ஆண்டவரை நேர்லயே பாத்துடலாம்" என்று பதில் சொல்லியிருக்கிறாள். கேட்டவர் சிரிக்கவில்லை. அப்பமும் திராட்சைரசமும் பகிரும் திருவிருந்து நாளன்று நகக்கண்ணில் கிரீஸ் இருந்தால் அந்தச் சகோதரியின் பார்வை சிறிய கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து இவள் விரலுக்கும், விரலிலிருந்து முகத்துக்கும் போய்வரும். இவள் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டாள். போகாது. "ஆண்டவரும் தச்சு வேலை பாத்தவர்தானே சார், இதெல்லாம் தெரியும் அவருக்கு" என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் கடைசி வரிசையில், கதவோரம் உட்காருவாள். லிஃப்டுக்கு வார விடுமுறை தெரியாது. பாட்டு நடக்கும்போது சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தால் எழுந்துவிட வேண்டும். இதனால் சபையின் இளைஞர் குழுவான வாலிபர் ஐக்கியத்தில் அவளுக்குப் பாதிப் பிரசங்கக்காரி என்று கேலி. பிரசங்கங்களின் தொடக்கம் எல்லாம் தெரியும். முடிவு ஒன்றும் தெரியாது.

கல்யாணப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. சபை வழியாக வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் காணொளியில் பேசினார்கள். பெண் வேலையை விட்டுவிடுவாளா என்று மாப்பிள்ளையின் அத்தை கேட்டாராம். இவள் பதில் சொல்லாமல், "உங்க பின்னாடி தெரியுதே, அந்த லிஃப்ட் கதவு ரொம்ப நேரம் மூடாம நிக்குது. சென்சார்ல தூசி. யாரையாவது வரச் சொல்லுங்க" என்றிருக்கிறாள். அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி. அவளுடைய அம்மா ஒரு வாரம் இதை எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இருபது வருடமாக வேலை செய்கிறவர். சின்ன உருவம், பெரிய குரல். அப்பா இல்லை, ஏழு வருடம் ஆகிறது. சிறுநீரகம் கெட்டுப்போய்ப் படுத்தபோது சபையே அவருக்காக உபவாசம் இருந்தது. வீட்டுக் கூடத்தில் இருபத்தொரு நாள் சங்கிலி ஜெபம் நடந்தது. மணிக்கு ஒருவர் என்று முறை வைத்து முழங்காலில் நின்றார்கள். இருபத்திரண்டாம் நாள் காலையில் அவர் போய்விட்டார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அம்மா மட்டும் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் சபைக்குப் போய், முன்வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுந்து சாட்சி சொல்லும்போது எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டுவார்.

சாட்சி என்பது அந்தச் சபையில் முக்கியமான விஷயம். பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம். வேலை கிடைத்தது, கட்டி கரைந்தது, விசா வந்தது, பிள்ளை குடியை விட்டான் என்று வாரம் மூன்று பேராவது மைக்கைப் பிடிப்பார்கள். லிஃப்ட் பொண்ணு ஒருமுறைகூட எழுந்ததில்லை. "எனக்கு ஒண்ணும் நடக்கல சார். காலையில எழுந்தேன், வேலைக்குப் போனேன், திரும்பி வந்தேன். இதுக்கு மைக் குடுப்பாங்களா?"

பிறகு நடந்தது.

ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் பராமரிப்பு. கொக்கி மேலே இயந்திர அறையில் பிரேக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே, காலி லிஃப்டின் தலைமேல் நின்று, சுவரோரத்து இரும்புத் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிரேக்கைப் பிடித்திருந்த ஓர் இரும்பு ஆணி, எத்தனை வருடத்துத் தேய்மானமோ, முறிந்தது.

லிஃப்ட் பிரேக் போனால் என்ன ஆகும் என்று கேட்டால் நாம் எல்லாரும் கீழே விழும் என்போம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவள் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினாள். லிஃப்டுக்கு எதிராக மறுபக்கம் ஓர் எடை தொங்குகிறது. ஆள் இல்லாத லிஃப்டைவிட அது கனம். அதனால் எடை கீழே இறங்கும், காலி லிஃப்ட் மேலே ஏறும். பழைய லிஃப்ட்களில் பாதுகாப்புப் பிடிகள் கீழே போவதைத்தான் தடுக்கும். மேலே போவதைத் தடுக்க ஒன்றும் கிடையாது. மேலே கான்கிரீட் கூரை.

"முதல்ல மெதுவாத்தான் சார் நகர்ந்துச்சு. கொக்கிதான் ஏத்துறான்னு நினைச்சு, டேய் என்னடான்னு கத்தினேன். நிறுத்துற பட்டனை அமுக்கினேன். அது பிரேக்கைப் பிடிக்கச் சொல்ற பட்டன். பிரேக்கே இல்லன்னா அது யாருகிட்ட சொல்லும்? அப்புறம் வேகம் கூடிச்சு. ஆறாம் மாடிக் கதவு என் பக்கத்துல போறதப் பாத்தேன். ஏழு போறதப் பாத்தேன். உக்காந்துட்டேன்."

மேலே கொக்கி ஒரு நீளமான ஸ்பேனரைப் பிரேக் கட்டைக்குப் பின்னால் கொடுத்து, உடம்பின் மொத்தப் பாரத்தையும் அதன்மேல் போட்டிருக்கிறான். கட்டை சக்கரத்தில் உரசிப் புகைந்தது. கடைசியில் லிஃப்ட் நின்றது. நிற்பதற்கு முன் ஸ்பேனர் ஒருமுறை வழுக்கியது. இடது கை, ஓடிக்கொண்டிருந்த எஃகுக் கயிற்றுக்கும் அது சுற்றும் பெரிய சக்கரத்துக்கும் நடுவே போயிற்று. சுண்டு விரலும் மோதிர விரலும் போயின. கையை இழுத்துக்கொண்ட பிறகும் அவன் ஸ்பேனரை விடவில்லை. வலது கையாலும் நெஞ்சாலும் அழுத்திக்கொண்டு, ஆள் வரும்வரை அப்படியே கிடந்தான்.

இரண்டு வாரம் கழித்து விசாரணைக்காக அங்கே போனபோது, அவள் லிஃப்ட் நின்ற இடத்தின் அடையாளத்தைப் பார்த்து அளவெடுத்தாள். லிஃப்டின் தலைக்கும் கூரைக்கும் நடுவே மிஞ்சியிருந்தது எழுபது சென்டிமீட்டர். "சாப்பாட்டு மேஜைக்கு அடியில இருக்குமே, அவ்வளவு இடம்" என்று என் வீட்டு மேஜையைக் காட்டினாள். நான் அன்றைக்கு மேஜைக்கு அடியில் புகுந்து உட்கார்ந்து பார்த்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையை மடியில் புதைத்தால்தான் முடிகிறது.

அம்மாவுக்குத் தகவல் போனது சலவைப் பிரிவின் தொலைபேசிக்கு. பெண்ணுக்கு ஒன்றும் இல்லை, தோளில் சிராய்ப்பு என்று தெரிந்ததும் அவர் அங்கேயே ஈரத் தரையில் முழங்கால் போட்டாராம். பிறகு கைபேசியை எடுத்தார். முதலில் தம்பி மனைவிக்குச் சொன்னபோது பெண் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்திருந்தாள். ஜெபக்குழுவுக்குச் சொன்னபோது அது ஐந்தாம் மாடி. பாஸ்டருக்குச் சொல்லும்போது ஏழாம் மாடியிலிருந்து லிஃப்டோடு சேர்ந்து வந்த பெண்ணை, தரை தொடும் முன் கர்த்தருடைய கரம் ஏந்திக்கொண்டிருந்தது. கட்டடத்துக்கு எட்டாம் மாடி இல்லாததால் கதை அங்கே நின்றது.

"அம்மா, நான் விழவே இல்ல. மேல போனேன்."

"மேல போறதுக்கு நீ என்ன உயிரோட பரலோகம் போன எலியாவா? சும்மா இருடி."

பாஸ்டர் இளைஞர். கிட்டார் வாசிப்பார். நல்ல மனிதர். "அடுத்த ஞாயிறு நீங்களே வந்து சாட்சி சொல்லுங்கம்மா. ரெண்டு நிமிஷம் போதும். கடைசியில ஸ்தோத்திரம்னு முடிச்சிடுங்க" என்றார். அம்மா எங்கள் கட்டடம்வரை வந்து என்னையும் அழைத்தார். மகள் விழவே இல்லை என்பது எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. நான் போனேன். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அறியும் ஆவலில்தான் போனேன். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வாடகைக் கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள், மேடையில் டிரம்ஸ், சுவரில் பாட்டு வரிகள் ஓடும் திரை. அவளைச் சீருடை இல்லாமல் அன்றுதான் பார்த்தேன். மைக்கை வாங்கி, அதைப் பிடித்த தன் கையையே ஒரு கணம் பார்த்தாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் ஏழாம் மாடியிலேருந்து விழுந்தேன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. நான் விழல. காலி லிஃப்ட் பிரேக் போனா மேலதான் போகும். அந்தப் பக்கம் இருக்கிற எடை ஜாஸ்தி."

யாரோ சிரித்தார்கள். முன்வரிசையில் அம்மாவின் முதுகு நிமிர்ந்தது.

"கூரையில இடிக்காம லிஃப்டை நிறுத்தினது என்கூட வேலை செய்யற பையன். அவனுக்கு நம்பிக்கை கிடையாது. என்னை பாஸ்டரம்மான்னு கிண்டல் பண்ணுவான். என்னை நிறுத்தினதுல அவனுக்கு ரெண்டு விரல் போயிடுச்சு. ஆண்டவரோட கை என்னைத் தாங்கிச்சுன்னு அம்மா சொல்றாங்க. நானும் அப்படித்தான் நம்பறேன். ஆனா எனக்குத் தெரிஞ்சு அன்னைக்கு அங்க இருந்த கை அவனோட கைதான். அதை விட்டுட்டு இந்தச் சாட்சியைச் சொல்ல என்னால முடியல. என்னைக் காப்பாத்தினவரு அவன் விரலை ஏன் காப்பாத்தலன்னு தினமும் கேக்கிறேன். பதில் வரல. கேக்கிறதை நிறுத்தல. அவ்வளவுதான். ஸ்தோத்திரம்."

இப்படி முடிந்த சாட்சிக்குக் கை தட்டுவதா, அல்லேலூயா சொல்வதா என்று அந்தக் கூடத்துக்குத் தெரியவில்லை. டிரம்ஸ் வாசிக்கிற இளைஞன் தூக்கிய குச்சியைச் சத்தமில்லாமல் மடியில் வைத்தான். பாஸ்டர் மைக்கை வாங்கினார். "எல்லாரும் கொஞ்ச நேரம் அமைதியா இருப்போம்" என்றார். அதுவும் நல்லதுதான் என்று எனக்குத் தோன்றியது. பிறகு வெளியே வந்து அவளிடம், "முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா பாஸ்டர்?"

"தெரியல" என்றார்.

அதற்குள் அம்மா போய்விட்டிருந்தார்.

வீட்டில் நடந்ததை அவள் மறுவாரம் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னாள். சொல்லும்போது அளவுநாடாவை இழுப்பதும் விடுவதுமாக இருந்தாள். அது சரக் சரக்கென்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அம்மா திட்டவில்லையாம். கத்தவும் இல்லை. சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு பேசினாராம்.

"ஏழு வருஷமா மத்தவங்க சாட்சிக்குக் கை தட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். உங்கப்பாவுக்கு நான் கேட்டது கிடைக்கல. கிடைச்சவங்களைப் பாத்துப் பொறாமைப்படக் கூடாதுன்னு இன்னும் பலமாத் தட்டினேன். எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. அதையும் நீ பிடுங்கிட்டே."

என்னிடம் இதைச் சொல்லிவிட்டு அவள் நாடாவை நிறுத்தினாள். "நான் பொய் எதுவும் சொல்லல சார்."

"இல்லை. சொல்லவில்லை."

"அப்புறம் ஏன் திருடிட்டு வந்த மாதிரியே இருக்கு?"

நான் கொண்டுவந்திருந்த காபியை அவள் பக்கம் நகர்த்தினேன். அது ஆறிப்போயிருந்தது.

பதினோரு நாள் அம்மா பேசவில்லை. சாப்பாட்டு டப்பா மட்டும் தினமும் தயாராக இருந்தது. அதில் அவளுக்குப் பிடிக்காத காய்களாகவே இருந்தன. "அம்மாவுக்கு வாயால பேச முடியலன்னா கத்திரிக்காயால பேசுவாங்க" என்று கொக்கியிடம் சொல்லியிருக்கிறாள். அவன் வேலையில் இல்லாவிட்டாலும் தினமும் மாலை அவன் வீட்டுக்குப் போய் அன்றைய கட்டடங்களின் கதையைச் சொல்லிவிட்டு வருவாள்.

அந்த வாரங்களில் அவள் எதிர்பாராத இன்னொன்று நடந்தது. சபையின் கடைசி வரிசையில் அவள் பக்கத்து நாற்காலிகள் நிரம்பத் தொடங்கின. கணினி நிறுவனத்தில் வேலை செய்யும் ஒரு பெண் முதலில் வந்தாள். "அக்கா, எனக்கு விசா கிடைச்சுதுன்னு போன மாசம் சாட்சி சொன்னேன்ல? அடுத்த வாரமே கேன்சல் ஆயிடுச்சு. அதை எப்ப சொல்றது? அதுக்குன்னு நேரமே ஒதுக்க மாட்டேங்கிறாங்களே." அதற்கடுத்த வாரம் அந்த டிரம்ஸ் இளைஞன் வந்தான். ஜெபிக்கும்போது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, வெறுமனே தாளம் போடுகிறேன், இது பாவமா என்று கேட்டான். இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டதாம். "எனக்கே பதில் வரலன்னுதானே மைக்ல சொன்னேன்? அதைக் கேட்டுட்டு என்கிட்டயே வராங்களே சார்!" என்ன பதில் சொன்னாய் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. பக்கத்துல உக்காந்து நானும் ஜெபம் பண்ணினேன். தாளம் போடறதை நிறுத்தாதேன்னு சொன்னேன். அவன் நிறுத்தினா எங்க பாட்டு கந்தல்."

பன்னிரண்டாம் நாள் அம்மா வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார். "அந்தப் பையன் வீடு எங்க இருக்கு?"

"எந்தப் பையன்?"

"விரல் போன பையன். அவனுக்குக் கை போனதை நீ ஏன் எனக்கு அன்னைக்கே சொல்லல?"

"சொன்னேன்மா. ஆஸ்பத்திரியிலேயே சொன்னேன். நீ போன்ல பேசிக்கிட்டிருந்தே."

அம்மா செருப்பைக் கழற்றினார். அடுப்பில் சூப் வைத்தார். மூடி இறுக்கமான பாத்திரத்தில் ஊற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

கொக்கி தன் அக்கா வீட்டில் இருந்தான். கதவைத் திறந்தவன் அம்மாவைப் பார்த்ததும் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். சபைக்கார அம்மா தலைமேல் கைவைத்து ஜெபிக்கப் போகிறார் என்று பயந்தானாம். அம்மா ஜெபிக்கவில்லை. "கையைக் காட்டு தம்பி" என்றார். இருபது வருடம் ரத்தக்கறை படிந்த துணிகளைத் துவைத்தவர், பார்க்கத் தயங்கவில்லை. காயக் கட்டைத் தொட்டுப் பார்த்து, "இதை யாரு கட்டினது? தொளதொளன்னு இருக்கு" என்று அவிழ்த்து, மறுபடி இறுக்கமாக, முடிச்சு உறுத்தாத பக்கமாகக் கட்டிவிட்டார்.

கொக்கிக்கு வாய் சும்மா இருக்காது. "வலது கையை விட்டு வச்சதுக்கு உங்க ஆண்டவருக்கு நான் தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லிடுங்க ஆன்ட்டி."

"நீயே சொல்லேன். உன் குரல் அவருக்குத் தெரியாதா என்ன?"

அவன் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது. சூப்பைக் குடிக்கும்போது, இயந்திர அறையில் அந்த ஒரு நிமிடம் என்ன நடந்தது என்று அம்மாவிடம் சொன்னான். இவளிடம்கூட அதுவரை முழுதாகச் சொன்னதில்லை. கயிறு ஓடும் சத்தத்துக்கு நடுவே கீழேயிருந்து இவள் "டேய்" என்று கத்தியது கேட்டதாம். அதற்குப் பிறகு குரலே வரவில்லையாம். குரல் வராததால்தான் ஸ்பேனரை விடவில்லையாம்.

திரும்பி வரும்போது பேருந்தில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். "சரி. அந்தப் பையனை அந்த நேரத்துல அந்த ரூம்ல நிறுத்தி வச்சது யாரு?"

"அப்ப அவன் விரலு?"

இரண்டு நிறுத்தம் கழிந்த பிறகு அம்மா திரும்பினார். "அதையும் அவர்கிட்டயே கேளு. நானும் கேக்கிறேன்."

அந்த வார ஜெபக்குழுவில் வழக்கம்போல முதலில் சாட்சி, பிறகு ஜெப விண்ணப்பம். சாட்சி நேரத்தில் எல்லாரும் அம்மாவையே பார்த்தார்களாம். அவர் குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். விண்ணப்ப நேரம் வந்ததும் எழுந்து, "என் மகளோட வேலை செய்யற தம்பிக்குக் கை ஆறணும். அவனுக்கு மறுபடி வேலை கிடைக்கணும். அவன் நம்ம ஆளு இல்ல. இருந்தாலும் பேரைக் குறிச்சுக்கங்க" என்றார்.

இதெல்லாம் நடந்து நாலு மாதம் ஆகிறது. அம்மாவும் மகளும் பேசுகிறார்கள், சண்டையும் போடுகிறார்கள். அம்மா சொல்லும் கதையில் மாடிகள் குறைந்துவிட்டன. ஆனால் கர்த்தருடைய கரம் அப்படியேதான் இருக்கிறது, கொக்கியின் கையும் கூடச் சேர்ந்திருக்கிறது. லிஃப்ட் பொண்ணு இப்போதும் தினமும் அதே கேள்வியைக் கேட்கிறாள். பதில் வந்ததா என்று நான் அவ்வப்போது விசாரிப்பேன். "இன்னும் இல்ல சார். வந்தா உங்களுக்குத்தான் முதல்ல போன்" என்பாள். கேட்டுக்கொண்டே எப்படி விசுவாசத்தோடு இருக்க முடிகிறது என்றும் ஒருமுறை கேட்டேன். அவளுக்கு என் கேள்வி புரியவில்லை. "கேக்கிறதுன்னா அவரு இருக்காருன்னுதானே அர்த்தம்? இல்லாத ஆளுகிட்ட யாரு சார் சண்டை போடுவாங்க?"

போன வாரம் எங்கள் கட்டடத்தில் வருடாந்திரப் பராமரிப்பு. கொக்கி மறுபடி வேலையில் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. இருவரும் என் வாசலுக்கு எதிரே படியில் உட்கார்ந்து கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். நிறுவனம் கொடுத்த புதுத் தோல் கையுறையை அவன் மாட்டினான். இடது கையில் இரண்டு விரல்கள் காலியாகத் தொங்கின. அவன் அவற்றை ஆட்டிக்காட்டி, "பாஸ்டரம்மா, இங்க பாரு, யானைக் குட்டி" என்றான். அவள் சிரிக்கவில்லை. ஓடுகிற கயிற்றுக்குப் பக்கத்தில் தொங்குவது எதுவும் இருக்கக் கூடாது.

"கழட்டுடா" என்றாள். "சார், ஊசி நூல் இருக்கா? தடிச்ச நூல்."

கொண்டுவந்து கொடுத்தேன். அவள் கையுறையை மடியில் போட்டு, காலி விரல்கள் இரண்டையும் உள்பக்கமாகத் திணித்து, அந்த ஓட்டைகளின் வாயை மடித்து, நெருக்கமாகத் தைத்தாள். தடித்த தோல்; ஒவ்வொரு குத்துக்கும் ஊசியின் காதைச் சுவரில் வைத்து அழுத்த வேண்டியிருந்தது. அவன் ஏதோ ஜோக் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டான். கடைசியில் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவன் கையை இழுத்துத் தன் முழங்கால்மேல் வைத்து, குழந்தைக்கு மாட்டுவதுபோல விரல் விரலாகக் கையுறையை மாட்டினாள். பிறகு தையல்மேல் கட்டை விரலை வைத்து அழுத்தி, பலமாக ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். தாங்கியது. இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.